கரையோரத்துக்கு வினாக்கொத்துடன் வருவோருக்கு ஒரு திறந்த மடல்



புத்தளம் களப்பைச் சுற்றிலும், கற்பிட்டிக் குடாநாட்டின் மணற்பாங்கான ஊர்களிலும், தெற்கே முந்தல், உடப்பு, சிலாபம் வரை நீண்டு கிடக்கும் கடலோரத்திலும், தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் பெயராலோ, பல்கலைக்கழகப் பட்டமொன்றின் நிமித்தமாகவோ, தொண்டு நிறுவனமொன்றின் சம்பளத்துக்காகவோ வீடு வீடாக ஏறி இறங்கி, கருத்தடையைப் பற்றி எங்கள் பெண்களின் அபிப்பிராயம் என்னவென்று வினவி, அவர்கள் சொல்லும் மறுமொழியைக் கையிலுள்ள டெப்பில் தட்டிப் பதிந்துகொண்டு போகும் இளைஞர்களுக்கும் யுவதிகளுக்கும், அவ்வினாக்களைக் கொழும்பிலிருந்து வகுத்தனுப்பும் பெரியோர்களுக்கும் இம்மடலை எழுதுகிறேன். நீங்கள் செய்யும் வேலை அவசியமானது. ஒரு தேசம் தன் தாய்மாரின் விருப்பத்தை அறியாமலே அவர்களுடைய சரீரத்தைப் பற்றித் திட்டம் தீட்டுவது பெரும் அநியாயமாகும். அதைத் தடுக்க வேண்டுமானால் அவர்களைக் கேட்டறியத்தான் வேண்டும். ஆனால் கேட்கும் விதம் பிழைத்துவிடுமாயின், கேளாமல் விட்டிருந்தால் நேர்ந்திருக்கக்கூடிய தீங்கைக் காட்டிலும் அதிக தீங்கு விளையும் என்பதையும், இந்தக் கரையோரத்தில் ஒரு பெண் வாயால் சொல்லும் பதிலுக்கும் அவள் மனத்திலிருப்பதற்கும் இடையே எவ்வளவு தூரம் உண்டென்பதையும், நெடுங்காலம் இங்கே ஆசிரியத் தொழில் செய்து, தாய்மாருக்கும் பின்னர் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் எழுத்தறிவித்தவள் என்ற உரிமையோடு உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

இலங்கையில் இந்த விசாரணைக்கு நீண்டதொரு சரித்திரம் உண்டு. மாதர் நலத்துக்காகத் தம் வாழ்நாளை அர்ப்பணித்த டாக்டர் மேரி இரத்தினம் அம்மையார் போன்றோர் வெகு முன்னதாகவே வாதாடியதன் பயனாக, 1953ஆம் ஆண்டில் இலங்கைக் குடும்பத் திட்டச் சங்கம் தோன்றிற்று. அச்சங்கத்தின் கிளினிக்குகளில் டாக்டர் சிவா சின்னத்தம்பி முதலானோர், ஏளனத்தையும் எதிர்ப்பையும் பொருட்படுத்தாமல், களைத்துப்போன தாய்மாருக்கு ஆலோசனை வழங்கினார்கள். 1958இல் சுவீடன் தேசத்தோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி பண்டாரகமக் கிராமப் பகுதியிலும் டயகமத் தோட்டப் பகுதியிலும் பரீட்சார்த்த வேலை தொடங்கியபோது, மக்களின் மனப்பான்மையைக் கேட்டறிவதும் அவ்வேலையின் ஓர் அங்கமாயிருந்தது. 1965இல் அரசாங்கம் குடும்பத் திட்டத்தைத் தாய் சேய் நல சேவையோடு இணைத்துக்கொண்டது. அதன் பின்னர் 1975இல் நடைபெற்ற கருவள அளவீடு, கணவனோடு வாழும் பெண்களில் நூற்றுக்கு 32 பேர் ஏதோ ஒரு முறையைக் கைக்கொள்கிறார்கள் என்று காட்டிற்று. அந்தத் தொகை 1987இல் 62 ஆகவும், 2000ஆம் ஆண்டில் 70 ஆகவும் ஏறி, 2016இல் 65 அளவுக்கு இறங்கிற்று. 1987, 2000 ஆகிய ஆண்டுகளின் அளவீடுகளில் யுத்தத்தால் வடக்கும் கிழக்கும் விடுபட்டுப் போயிருக்க, 2016இன் அளவீடோ 25 மாவட்டங்களையும் தழுவியது. இந்த எண்களை மரியாதையோடு பார்க்கிறவள் நான். எத்தனையோ உத்தியோகத்தர் வெயிலில் அலைந்து சேர்த்த சாட்சியம் அது.

அந்தச் சாட்சியத்துக்குள்ளேயே உங்களுக்கு வேண்டிய முதற் பாடமும் அடங்கியிருக்கிறது. 1987இல் ஏதோ ஒரு முறையைக் கைக்கொண்ட அந்த 62 பேரில் 21 பேர் குளிசையோ ஊசியோ லூப்போ அல்ல, பாதுகாப்பான நாட்களைக் கணக்குப் பார்ப்பது முதலிய பழைய வழிகளையே அனுசரித்தவர்கள். ஒவ்வொரு முறையையும் தனித்தனியே பெயர் சொல்லி, விளக்கிக் கேட்டபடியால்தான் இந்த உண்மை வெளிவந்தது. ‘நீங்கள் குடும்பக் கட்டுப்பாடு செய்கிறீர்களா?’ என்று ஒரே மூச்சில் கேட்டிருந்தால், சிலாபம் மறைமாவட்டத்துக் கத்தோலிக்கப் பெண் இல்லை என்றே சொல்லியிருப்பாள். ஏனெனில், 1968 ஜூலையில் பாப்பரசர் ஆறாம் பவுல் வெளியிட்ட மடல் செயற்கை முறைகளை விலக்கி, நாட்களைக் கணக்குப் பார்ப்பதை அனுமதித்திருந்தபடியால், தான் செய்வது குடும்பக் கட்டுப்பாடு என்றே அவள் எண்ணுவதில்லை. முஸ்லிம் வீடுகளிலும் இவ்வாறே, ‘அஸ்ல்’ என்று மார்க்க நூல்களில் பேசப்பட்டு, சட்ட அறிஞர்கள் பலரால் கூடுமென்று கொள்ளப்பட்ட முறையைக் கணவன் அனுசரித்து வந்தாலும், அது மிட்வைப் மிஸ்ஸியின் பதிவேட்டுக்குரிய விஷயம் என்று மனைவி நினைப்பதில்லை. செய்வதைப் பொறுமையோடு கேட்டால் பதில் வரும் என்பதற்கு இது அத்தாட்சி.

ஆனால் நீங்கள் செய்வதை மாத்திரம் கேட்டுவிட்டு நிற்பதில்லை, நினைப்பதையும் கேட்கிறீர்கள். மனப்பான்மையை அளக்கலாம் என்று 1928இல் தர்ஸ்டன் என்னும் அமெரிக்க அறிஞர் எழுதினார். 1932இல் லிக்கர்ட் என்பவர் அதற்கு ஒரு சுலபமான படிக்கட்டைச் செய்து கொடுத்தார். முற்றிலும் உடன்படுகிறேன், உடன்படுகிறேன், நடுநிலை, உடன்படவில்லை, சிறிதும் உடன்படவில்லை என்ற ஐந்து படிகளில் ஒன்றிலே மனிதனுடைய மனத்தை நிறுத்திவிடுவது அதன் வழி. அவ்வழி உலகமெங்கும் பரவி, உங்கள் வினாக்கொத்திலும் வந்து அமர்ந்திருக்கிறது. எங்கள் ஊர்ப் பெண்ணிடம் ‘கருத்தடை செய்வது குடும்பத்துக்கு நல்லது’ என்ற வாக்கியத்தை வாசித்துக் காட்டி, இந்த ஐந்திலே எதுவென்று கேட்டால், அவள் என்ன சொல்லுகிறாள்? ‘பரவாயில்ல’ என்கிறாள், ‘அது அவர்ட விருப்பம்’ என்கிறாள், ‘ஒவ்வொரு வீட்டு நிலைமைதானே’ என்கிறாள். எத்தனை பிள்ளைகள் இருந்தால் போதும் என்று கேட்டால், ‘அல்லாஹ்ட நாட்டம்’ என்றோ, ‘ஆண்டவர் தாறதுதான்’ என்றோ பதில் வருகிறது. எண் சொல்லாத இந்தப் பதிலைச் சிலர் அறியாமை என்று பதிந்துவிடுகிறார்கள். கேட்டவருக்கு நேரமில்லாவிட்டால் ‘தெரியாது’ என்ற கட்டத்திலே அது போய் விழுந்துவிடுகிறது. எனக்குத் தெரிந்த மட்டில் இது அறியாமையே அன்று. ஒரு பெண் தன் பிள்ளைகளின் தொகையைத் தானே தீர்மானித்ததாக அந்நியர் முன்னிலையில் சொல்லுவது அகங்காரமாகத் தோன்றும் ஊரில், இறைவனைச் சொல்லுவது நல்லொழுக்கத்தின் பாற்பட்டது. அவ்விதம் சொன்ன அதே பெண் அடுத்த செவ்வாய்க்கிழமை கிளினிக்கிலே ஊசிக்காக வரிசையில் நிற்பதும் உண்டு. இரண்டும் அவளுக்கு முரணாகத் தோன்றுவதில்லை.

எதிர்மாறான பிழையும் உண்டு. அது இதனினும் ஆபத்தானது. கேட்பவரைத் திருப்திப்படுத்துவதற்காகவே ‘ஓம்’ என்று சொல்லிவிடும் உபசாரத்தை, எமிலி ஜோன்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் தென்கிழக்காசியக் கணக்கெடுப்புகளிலே கண்டு 1963இல் எழுதினார். அதற்கு மகத்தான உதாரணம் பஞ்சாபிலே நிகழ்ந்தது. லூதியானா மாவட்டத்துக் கன்னா என்னும் பட்டணத்தைச் சூழ்ந்த கிராமங்களில் 1950களில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தார் நடத்திய பெரும் ஆராய்ச்சியில், கிராமத்தார் குடும்பக் கட்டுப்பாட்டை ஆதரிப்பதாகச் சொன்னார்கள்; கொடுத்த மாத்திரைகளையும் மறுக்காமல் வாங்கிக்கொண்டார்கள். பிறப்பு வீதமோ எதிர்பார்த்தபடி இறங்கவில்லை. பின்னர் மஹ்மூத் மம்தானி என்னும் அறிஞர் அங்குள்ள மனுப்பூர்க் கிராமத்துக்குச் சென்று விசாரித்து, 1972இல் ஒரு நூல் வெளியிட்டார். வெகு தூரத்திலிருந்து வந்து, தங்களோடு அன்பாகப் பழகியவர்களுடைய முகத்தை முறிக்க மனமில்லாமல் மாத்திரையை வாங்கியவர்கள் பலர் என்பதும், வயலிலே உழைக்க ஆண்பிள்ளைகள் தேவைப்பட்ட குடும்பங்களுக்கு அந்த ஆலோசனை எவ்வாற்றானும் பொருந்தவில்லை என்பதும் அந்நூலால் தெரியவந்தன. ஒருவர் மாத்திரைப் பெட்டிகளை அடுக்கி ஒட்டி, வீட்டை அலங்கரிக்கும் சிற்பமாகவே செய்து வைத்திருந்தாராம். அந்த மக்கள் எவரும் வஞ்சகம் செய்யவில்லை. விருந்தாளியை மதிக்கும் தர்மத்தை அவர்கள் அனுசரிக்க, அந்த மரியாதையைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டது கணக்கே.

எங்கள் கரையிலும் அதுவே நடக்கிறது. கற்பிட்டிக்குப் போகும் பாதையை ஒட்டிய ஊரொன்றில், வேலியோரம் கருவாடு காயப் போட்டிருந்த வீட்டுக்கு உங்களைப் போன்ற ஒரு தங்கை வினாக்கொத்தோடு வந்திருந்தார். அயல்வீட்டிலே நின்ற என்னையும் துணைக்குக் கூப்பிட்டபடியால் நானும் போய் உட்கார்ந்தேன். வீட்டுக்காரி கையிலே மீனைப் பிளந்து உப்புத் தடவிக்கொண்டிருந்தாள். மாமியார் கதவோரத்திலே தஸ்பீஹ் மணிகளை உருட்டிக்கொண்டிருந்தார். வந்தவருக்குப் பிளேன்டீயும் மாரி பிஸ்கட்டும் வந்தன. கேட்ட வினாவுக்கெல்லாம் அவள் தலை நிமிராமலே ‘ஓம், அது நல்லந்தானே மிஸ்’ என்றாள். முறை எதையும் கைக்கொள்கிறாயா என்ற வினாவுக்கு மாத்திரம், மீனைத் திருப்பிப் போட்டுவிட்டு, ‘இல்ல’ என்றாள். ஆதரவு உண்டு, அனுசரிப்பு இல்லை என்று கணக்கு முடிந்தது. அத்தங்கை போன பிறகு, கிணற்றடிக்குத் தண்ணீர் அள்ள வந்தவள் என்னிடம் மெல்லச் சொன்னாள்: ‘ஊசி போட்டனான் டீச்சர். பொறகு மாசம் வாறல்ல. மாமிக்குத் தெரிஞ்சா வயித்துலயெண்டு கேப்பா, இல்லாட்டி ஏன் வரல்லயெண்டு கேப்பா. பயத்துல விட்டுட்டன்.’ மாதவிலக்கு நின்று போவது அந்த ஊசியினால் சாதாரணமாக ஏற்படும் விளைவு என்பதையும், அதனால் கெட்ட இரத்தம் எதுவும் உள்ளே தேங்குவதில்லை என்பதையும் அவளுக்கு யாரும் இருந்து விளக்கிச் சொல்லவில்லை. அவளுடைய குறை மனப்பான்மையில் இருக்கவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது தைரியம் கூறும் பத்து நிமிஷப் பேச்சு. உங்கள் ஐந்து படிகளில் எதிலும் அதற்கு இடமிருக்கவில்லை. பிள்ளை வேண்டாமென்றோ, இப்போதைக்கு வேண்டாமென்றோ இருந்தும் எந்த முறையையும் கைக்கொள்ளாத பெண்களை ‘பூர்த்தியாகாத தேவை’ உடையோர் என்று நிபுணர்கள் எண்ணுகிறார்கள். 2016இல் இந்நாட்டில் நூற்றுக்கு ஏழு எட்டுப் பேர் அவ்விதம் காணப்பட்டனர். அவர்களில் எத்தனை பேர் கிணற்றடியிலே வேறு கதை சொல்லியிருப்பார்கள் என்று நான் யோசிப்பதுண்டு.

ஆகையால் யார் முன்னிலையில் கேட்கிறீர்கள் என்பது என்ன கேட்கிறீர்கள் என்பதற்குக் குறைந்ததன்று. மாமியாரும் மதினியும் கேட்டிருக்க அந்தரங்கத்தைப் பேசும்படி எந்தப் பெண்ணையும் நிர்ப்பந்திக்க வேண்டாம். வழிகாட்டியாகக் கிராம உத்தியோகத்தரையோ, மிட்வைப் மிஸ்ஸியையோ கூட்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழையவும் வேண்டாம். சில ஆயிரம் ஜனங்களுக்கு ஒருவராக நின்று, கர்ப்பிணியையும் பச்சைக் குழந்தையையும் வீடு தேடிச் சென்று பார்க்கும் அந்த உத்தியோகத்தரே எங்கள் ஊர்களின் பெரும் பாக்கியம் என்று நான் எங்கும் சொல்லுவேன். எனினும் அவர் பக்கத்தில் நிற்கும்போது, அவர் கொடுத்த குளிசையைப் பரணிலே போட்டுவிட்டேன் என்று எந்தப் பெண் சொல்லுவாள்?

இனி, புத்தளத்துக்கே உரிய ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் மாவட்டத்தைப் போல எண்ணப்பட்ட மாவட்டம் அதிகமில்லை. 1990 ஒக்டோபர் மாதக் கடைசியில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் ஏறக்குறைய எழுபத்தையாயிரம் பேரில் பெரும்பாலோர், உடுத்த துணியோடு வந்து தங்கிய பூமி இது. ஆலங்குடாவிலும், கற்பிட்டியிலும், தில்லையடியிலும் கிடுகுக் கொட்டில்களில் வாழ்ந்த அவர்கள் நிவாரண அரிசிக்காக எண்ணப்பட்டார்கள். வாக்காளர் இடாப்புக்காக எண்ணப்பட்டார்கள். உலக வங்கியின் உதவியோடு வந்த வீடமைப்புக்காக எண்ணப்பட்டார்கள். மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் திரும்பிப் போவார்களா என்று அறிவதற்காகவும் எண்ணப்பட்டார்கள். ஒவ்வொரு எண்ணிக்கையும் ஏதோ ஒன்றைக் கொடுத்தது, அல்லது பறித்தது. ஆகையால், எத்தனை பிள்ளைகள் என்று நீங்கள் வாய் திறந்தவுடன் அவர்கள் மனக்கண்ணில் தோன்றுவது கருத்தடையன்று, கூப்பன் கார்டு. அந்தச் சந்தேகம் நியாயமானது. அதை நீக்குவது உங்கள் கடமை.

அதன் மேலும் ஒரு நிழல் விழுந்திருக்கிறது. 2018 பெப்ரவரியில் அம்பாறையிலே, முஸ்லிம்களின் உணவுக்கடைச் சாப்பாட்டில் மலட்டுக் குளிசை கலக்கிறார்கள் என்ற வதந்தியைக் கிளப்பிக் கடைகளையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். உணவிலிருந்தது வெறும் மாவுப் பொருளே என்று அரசாங்கப் பகுப்பாய்வாளர் பின்னர் கூறினார். 2019 மே மாதத்தில், எங்கள் வடமேல் மாகாணத்தின் தலைநகராகிய குருநாகலில், ஷாபி சிஹாப்தீன் என்னும் வைத்தியர் ஆயிரக்கணக்கான பெண்களைக் களவாக மலடாக்கினார் என்று குற்றம் சாட்டிச் சிறையில் வைத்தார்கள். ஆதாரம் இல்லையென்று குற்றப் புலனாய்வுத் திணைக்களமே நீதிமன்றத்தில் சொல்லிற்று. அவர் பிற்பாடு சேவையில் மீண்டும் அமர்த்தப்பட்டார். அதே மே மாதத்தில் எங்கள் மாவட்டத்து நாத்தாண்டியப் பகுதியிலே முஸ்லிம்களுக்கு எதிரான வன்செயலில் ஓர் உயிரும் போயிற்று. அதற்கு முன் 2013இல் கிளிநொச்சி மாவட்டத்து வேரவில், வலைப்பாடு ஆகிய ஊர்களிலிருந்து, சம்மதத்தை முறையாகப் பெறாமல் கைகளிலே கருத்தடைக் குச்சி வைத்ததாக முறைப்பாடு எழுந்தது. இன்ன ஜாதியார் அதிகம் பெறுகிறார்கள், இன்ன மதத்தார் குறைந்து போகிறார்கள் என்ற கூச்சலுக்கு நடுவே வாழும் ஒரு பெண்ணிடம் போய் அவளுடைய கருப்பையைப் பற்றிய அபிப்பிராயத்தைக் கேட்கும்போது, கேட்பவர் எந்த இனத்தவர், எந்தப் பாஷை பேசுகிறார், இந்தப் பதில் யாருடைய கைக்குப் போகும் என்பவற்றையெல்லாம் அவள் எடை போட்டுவிட்டே வாய் திறப்பாள். அவள் அளக்கும் அந்த அளவை உங்கள் அளவைக்கு முந்தியது.

பணமும் அளவைக் குலைக்கும். 1980இல் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டோருக்கு அரசாங்கம் ரொக்கமாகப் பணம் கொடுக்கத் தொடங்கியபோது தொகை சடுதியாக ஏறிற்று. அந்த ஏற்றத்திலே எவ்வளவு விருப்பம், எவ்வளவு வறுமை என்று பிரித்துச் சொல்ல எந்தப் புள்ளிவிபரமும் உதவாது.

கடலையும் கவனியுங்கள். எங்கள் மீனவர் பலர், தென்மேற்குப் பருவக்காற்று வீசி இக்கரை கொந்தளிக்கும் மாதங்களில் கிழக்குக் கரைக்குப் போய் வாடி அமைத்துத் தொழில் செய்வார்கள். ஐப்பசிக்குப் பிறகே திரும்புவார்கள். இன்னும் எத்தனையோ ஆண்கள் வளைகுடா நாடுகளில் இருக்கிறார்கள். ஆடி மாதத்திலே வந்து ‘இப்போது ஏதாவது முறையைக் கைக்கொள்கிறாயா?’ என்று கேட்டால், புருஷன் வீட்டில் இல்லாத பெண் இல்லையென்றுதானே சொல்லுவாள்? அதை அலட்சியம் என்று எழுதலாமா? அந்தப் புருஷனையோ நீங்கள் கேட்பதே இல்லை. தேசிய அளவீடு 15 முதல் 49 வயது வரையான, மணம் செய்த பெண்களைத்தான் கேட்கிறது. ‘அவர்ட விருப்பம்’ என்று அவள் சொன்ன பிறகும் அந்த ‘அவரை’த் தேடிப் போய்க் கேளாதது பெரிய குறை. விடியற்காலையில் வள்ளம் கரைக்கு வந்து மீன் விற்று முடிந்த பின், வலை பிரிக்கும் நேரத்தில் வந்து பாருங்கள். எங்கள் ஆண்கள் பேசுவார்கள். மணமாகாத பெண்ணோ இந்தக் கணக்கில் எங்கும் இல்லை. அவளுக்கும் பயம் உண்டு, தேவை உண்டு.

சில வினாக்களுக்கு உண்மையான பதிலை நேரே பெறவே முடியாது. தாயின் உயிரைக் காக்கவன்றி வேறெதற்காகவும் கருவைக் கலைப்பது குற்றமென்று 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை சொல்லும் நாட்டில், கலைத்தாயா என்று கேட்டால் எவள் ஒப்புக்கொள்வாள்? இதற்காகவே 1965இல் வோர்னர் என்பவர் ஒரு யுக்தியை வகுத்தார். அதன் ஒரு வகையில், பதிலளிப்பவர் மறைவாக ஒரு நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் உண்மை எதுவாயினும் ‘ஆம்’ என்றும், பூ விழுந்தால் உள்ளதை உள்ளபடியும் சொல்லுவார். எவர் எதற்காக ‘ஆம்’ என்றார் என்பது கேட்பவருக்குத் தெரியாது, ஆயினும் ஊர் முழுவதற்குமான தொகையைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். அழகான யுக்திதான். இருந்தும், உங்களை நம்பாத பெண் நாணயத்தையும் நம்பமாட்டாள் என்றே நான் நினைக்கிறேன்.

நான் உங்களிடம் வேண்டுவது அதிகமில்லை. நல்லதா, கெட்டதா என்ற வினாவை முன்னே வைக்காதீர்கள். கடைசிப் பிள்ளை பிறந்ததற்குப் பின் என்ன நடந்தது, கிளினிக்குக்குப் போக யாரைக் கேட்க வேண்டியிருந்தது, போனபோது என்ன சொன்னார்கள், எடுத்த ஊசியையோ குளிசையையோ ஏன் விட்டாய் என்று அவளுடைய கதையைக் கேளுங்கள். இல்லை என்று சொல்லவும், பதில் சொல்லாமல் இருக்கவும் அவளுக்கு உரிமை உண்டென்பதைத் தொடக்கத்திலேயே, மனப்பாடமாக ஒப்புவிக்காமல், அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். உடப்பிலே தமிழ்ப் பெண்ணையும், தலவிலைப் பக்கத்திலே சிங்களம் பேசும் கத்தோலிக்கப் பெண்ணையும், ஆலங்குடாவிலே மன்னாரிலிருந்து வந்த குடும்பத்துப் பெண்ணையும் அவரவர் வீட்டில் பேசும் பாஷையிலேயே, கூடுமானவரை ஒரு பெண்ணைக் கொண்டே கேளுங்கள். அவளுக்கு ஒரு சந்தேகம் எழுந்தால், அது எங்கள் வேலையில்லை என்று எழுந்து போய்விடாமல், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு வழி காட்டிவிட்டுப் போங்கள்.

இன்னுமொன்று. இத்தனை காலம் எங்களைக் கேட்டுச் சென்றவர்களில், கேட்டதன் முடிவு இன்னதென்று எங்களிடம் திரும்பி வந்து சொன்னவரை நான் காணவில்லை. எங்கள் பெண்களின் வாயிலிருந்து போன வார்த்தை கொழும்பிலே புத்தகமாகிறது, வெளிநாட்டிலே கட்டுரையாகிறது. சொன்னவளுக்கு மாத்திரம் அது தெரியவருவதில்லை. ஆகவே, அடுத்த தடவை எங்கள் ஊருக்கு வரும்போது, சென்ற தடவை கேட்டதன் முடிவைத் தமிழிலும் சிங்களத்திலும் தெளிவாக எழுதிக் கிளினிக்கின் சுவரில் ஒட்டி, கூடியிருக்கும் தாய்மாருக்கு வாசித்தும் காட்டிவிட்டு, அதன் பிறகு புதிய வினாக்கொத்தைத் திறக்கும்படி உங்கள் ஒவ்வொருவரையும் பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
கற்பிட்டிக் குடாநாட்டில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி